பிள்ளைகளைப் பார்க்கப் போவோர் மீது ஏன் இந்தச் சந்தேகம்?

சென்னை அண்ணா சாலையில், ஜெமினி மேம்பாலத்தை ஒட்டி நிற்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குச் சுற்றுலா விசா கேட்டு வருபவர்களில் கணிசமானோர் அறுபது வயதைக் கடந்தவர்கள். விசாவின் பெயர் சுற்றுலா என்றாலும் அவர்களில் பெரும்பாலோருக்கு நயாகரா அருவி இரண்டாம்பட்சம்தான். மகளுக்குப் பேறுகாலம் நெருங்கியிருக்கும். மகன் வாங்கிய வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் இருக்கும். பேத்தியின் பட்டமளிப்பு விழா இருக்கும். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருக்கும் அதிகாரியின் முன் நின்றபடி இரண்டு மூன்று நிமிடம் பேச வேண்டும். எதற்காகப் போகிறீர்கள், மகன் எந்த விசாவில் இருக்கிறார், சம்பளம் எவ்வளவு, உங்களுக்கு எத்தனை பிள்ளைகள், இந்தியாவில் யார் இருக்கிறார்கள், செலவு யாருடையது, ஆறு மாதம் தங்க என்ன அவசியம் என்று கேள்விகள் அடுத்தடுத்து வரும். கோப்பு கோப்பாகக் கொண்டுபோன வீட்டுப் பத்திரமும் வங்கிக் கணக்கு விவரமும் பெரும்பாலும் பிரித்துப் பார்க்கப்படாமலே திரும்பும். விசா மறுக்கப்பட்டால் ஓர் அச்சடித்த தாள் கைக்கு வரும். அதில் 214(பி) என்ற சட்டப் பிரிவு இருக்கும். இந்தக் குறிப்பிட்ட மனிதருக்கு ஏன் மறுத்தார்கள் என்பது இருக்காது.

தன் நாட்டுக்குள் வருபவரை விசாரிக்கும் உரிமை எந்த அரசுக்கும் உண்டு. கேள்வி கேட்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. தவறு, அந்தக் கேள்விகளுக்குப் பின்னால் இருக்கும் ஊகத்தில் இருக்கிறது. பிள்ளை அங்கே இருப்பதுதான் பெற்றவர்கள் போவதற்கான காரணம். அதையே அவர்கள் திரும்ப மாட்டார்கள் என்பதற்கான சான்றாகவும் எடுத்துக்கொண்டால், தங்கள் தரப்பை நிறுவ அவர்களுக்கு வழியே இல்லாமல் போகிறது. உண்மையைச் சொல்லச் சொல்ல சந்தேகம் கூடும் என்ற நிலையில் நடப்பதை நேர்மையான விசாரணை என்று ஏற்க முடியவில்லை.

இந்த ஊகம் தனிப்பட்ட அதிகாரிகளின் மனப்போக்கில் முளைத்ததல்ல, சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் 1952-ஆம் ஆண்டுக் குடியேற்ற, குடியுரிமைச் சட்டத்தின் 214(பி) பிரிவுப்படி, தற்காலிக விசா கேட்டு வருபவர் நிரந்தரமாகக் குடியேற வருபவர் என்றே முதலில் கருதப்படுவார். அப்படி இல்லை என்று அதிகாரி நிறைவடையும்படி நிறுவும் பொறுப்பு விண்ணப்பித்தவருடையது. அதே பிரிவிலேயே ஒரு விலக்கும் உண்டு. எச்-1பி, எல் ஆகிய வேலை விசாக்களில் போகிறவர்களுக்கு இந்த ஊகம் பொருந்தாது. அமெரிக்க நிறுவனங்களுக்குத் திறமையான ஆட்கள் தேவைப்பட்டதால் 1990-இல் கொண்டுவரப்பட்ட விலக்கு அது. பின்னால் க்ரீன் கார்டு வாங்கி அங்கேயே இருந்துவிடும் எண்ணம் அவர்களுக்கு இருந்தாலும் விசா தரத் தடையில்லை. ஆக, வாழ்நாள் முழுதும் தங்கும் எண்ணத்தோடு போகும் மகனிடம் கேட்கப்படாத நிரூபணம், மூன்று மாதம் அவனோடு இருந்துவிட்டு வர நினைக்கும் தாயிடம் கேட்கப்படுகிறது. தனக்குப் பயன்படுகிறவர்களை நம்புவது எப்படி என்று அந்தச் சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. அவர்களைப் பெற்றவர்களுக்கு மட்டும் அந்த நம்பிக்கை எட்டவில்லை.

நிரூபணத்துக்கு அதிகாரிகள் பார்ப்பது சொந்த நாட்டோடு விண்ணப்பதாரருக்கு இருக்கும் பிடிப்பை. வேலை, சொத்து, குடும்பம், முன்பு வெளிநாடு போய்த் திரும்பிய வரலாறு ஆகியவை அதன் அளவுகோல்கள். மாதச் சம்பளமும் சொந்த வீடும் உள்ள நாற்பது வயதுக்காரருக்கு இவை பொருந்தும். இப்போது கணவரை இழந்த ஒரு பெண்மணியை நினைத்துப் பார்ப்போம். ஒரே மகள் டல்லாஸில் இருக்கிறாள். வேலை என்று ஒன்று அவருக்கு எப்போதும் இருந்ததில்லை. குடும்ப ஓய்வூதியம் மட்டும் வருகிறது. வீடு கணவர் பெயரில் இருந்து இன்னும் மாற்றப்படவில்லை. கடவுச்சீட்டு புதியது, ஒரு முத்திரைகூட இல்லை. அளவுகோல் ஒவ்வொன்றிலும் அவர் தோற்கிறார். ஆனால் மகளைப் பார்க்க வேண்டிய தேவை அவரைவிட வேறு யாருக்கு அதிகம்? பிள்ளைகளில் ஒருவர் உள்ளூரில் இருந்தால், அவரைக் காட்டி ‘நான் திரும்பி வருவேன்’ என்று சொல்லலாம். எல்லாப் பிள்ளைகளும் கடல் கடந்து போய்விட்டவர்களுக்கு அதுவும் இல்லை. தனிமை எவ்வளவு கூடுதலோ அவ்வளவுக்கு மறுப்பும் எளிதாகிவிடுகிறது. இந்த அளவுகோல்கள் எதுவும் தொடாத பிடிப்புகள் எத்தனையோ இருக்கின்றன. ஐம்பது ஆண்டு வாழ்ந்த தெரு, நாள்தோறும் போகும் கோயில், ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய திதி, பழகிய மருத்துவர், பேச்சுக்கு அக்கம்பக்கம். வெளிநாட்டில் பிள்ளை வீட்டில் தங்கும் முதியவர்கள் பலருக்கு நான்காம் மாதமே ஊர் நினைப்பு வந்துவிடுகிறது. கார் இல்லாமல் கடைக்குக்கூடப் போக முடியாத புறநகரில், பகல் முழுதும் ஆளற்ற வீட்டில் நிரந்தரமாக இருந்துவிட அவர்கள் துடிக்கிறார்கள் என்ற எண்ணம் அவர்களை அறியாதவர்களின் எண்ணம். மருத்துவக் காப்பீடில்லாமல் அமெரிக்காவில் ஒரு முதியவர் நோயில் விழுந்தால் குடும்பத்தின் சேமிப்பே கரைந்துவிடும் என்பது இன்னொரு கணக்கு. தங்கிவிடாமல் திரும்ப வைக்கும் காரணங்களில் அதற்குப் பெரிய இடமுண்டு.

இந்த ஏற்பாடு மக்களின் நேர்மையை என்ன செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மகளின் பிரசவத்துக்குப் போய்ப் பிள்ளையையும் தாயையும் பார்த்துக்கொள்வது நம் குடும்பங்களில் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் கடமை. விசா அதிகாரியிடம் மட்டும் அதைச் சொல்லத் தயங்குகிறார்கள். குழந்தை பார்க்கும் வேலைக்குப் போவதாக நினைத்துவிடுவார்களோ என்ற பயம். ‘ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லுங்கள்’, ‘ஆறு மாதம் என்று சொல்லாதீர்கள், ஆறு வாரம் என்று சொல்லுங்கள்’ என்று சொல்லிக்கொடுக்க ஏஜெண்டுகள் இருக்கிறார்கள். அதற்குக் கட்டணமும் வாங்குகிறார்கள். வாழ்நாளெல்லாம் பொய் சொல்லாமல் வாழ்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர், எழுபது வயதில் ஒத்திகை பார்த்த பதிலைச் சொல்லித் தடுமாறுகிறார். தடுமாறுவது அதிகாரியின் கண்ணில் இன்னொரு சந்தேகமாகிறது. விண்ணப்பப் படிவத்தில், அமெரிக்காவில் நெருங்கிய உறவினர் இருக்கிறாரா, உங்களுக்காக யாரேனும் குடியேற்ற மனு தாக்கல் செய்திருக்கிறாரா என்ற கேள்விகள் உண்டு. மறைத்தால் பொய்த் தகவல் தந்த குற்றத்துக்கு நிரந்தரத் தடை வரலாம். சொன்னால் மறுப்புக்குக் காரணமாகலாம்.

ஊகத்தை உண்மை நிலவரத்தோடு ஒப்பிட அமெரிக்க அரசே எண்களைத் தருகிறது. அனுமதித்த நாள் கடந்தும் தங்கியவர்களைப் பற்றி அதன் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை வெளியிடும் ஆண்டறிக்கையின்படி, 2023 நிதியாண்டில் புறப்பட்டிருக்க வேண்டியவர்கள் சுமார் 3.9 கோடிப் பேர். தவணை மீறியவர்கள் சுமார் 5.65 லட்சம், அதாவது 1.45 சதவீதம். வணிக, சுற்றுலா விசாவில் போன இந்தியர்களிடையே இந்த விகிதம் 2 சதவீதத்தைத் தொடவில்லை. அந்தச் சிறு பங்கிலும் மகனைப் பார்க்கப் போன முதியவர்கள் எத்தனை பேர் என்று அறிக்கையிலிருந்து அறிய முடியாது. வயதுவாரியாகவோ வருகையின் நோக்கம்வாரியாகவோ அது எண்களைப் பிரிப்பதில்லை. யாரை அதிகம் சந்தேகிக்கிறார்களோ அவர்களைப் பற்றிய கணக்கையே வெளியிடாமல் சந்தேகத்தை மட்டும் தொடர்வது எப்படி நியாயமாகும்?

வடிகட்டல் கடுமையாக இருப்பதால்தான் மீறல் குறைவாக இருக்கிறது என்று இதற்கு மறுமொழி சொல்லலாம். மதிக்க வேண்டிய வாதம் அது. ஆனால் வடிகட்டல் ஒரே சீராக இருந்ததில்லை. இந்தியர்களின் வணிக, சுற்றுலா விசா விண்ணப்பங்களில் 2019 நிதியாண்டில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்டவை மறுக்கப்பட்டன. 2023-இல் மறுப்பு ஏறக்குறைய ஒன்பதில் ஒன்றாகக் குறைந்தது. நேர்காணல் இல்லாத புதுப்பிப்புகள் பெருகியது அதற்கு ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்படியிருந்தும் இரண்டு ஆண்டுகளிலும் மீறல் விகிதம் 2 சதவீதத்துக்குள்தான் இருந்தது. நான்கு ஆண்டுகளில் இந்தியப் பெற்றோருக்குச் சொந்த ஊர்மேல் இருக்கும் பிடிப்பு இரண்டு மடங்காகிவிடவில்லை. மாறியது விசா தருபவர்களின் கைப்பிடிதான். ஆட்சியும் அலுவலகச் சூழலும் மாறும்போது இத்தனை தூரம் ஆடும் ஒரு தராசு எடையைச் சரியாகக் காட்டுகிறது என்று நம்ப முடியாது.

‘நிரந்தரமாகப் போக ஆசையிருந்தால் முறைப்படி குடியேற்ற விசாவுக்கு விண்ணப்பிக்கட்டுமே’ என்பது அடிக்கடி கேட்கும் இன்னொரு வாதம். இதைச் சொல்பவர்கள் அந்த வழி யாருக்குத் திறந்திருக்கிறது என்று பார்ப்பதில்லை. பெற்றோருக்காக மனுப் போட, மகனோ மகளோ 21 வயது நிறைந்த அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும். க்ரீன் கார்டு வைத்திருப்பவரால் முடியாது; எச்-1பி விசாவில் இருப்பவரால் முடியவே முடியாது. வேலைவழி க்ரீன் கார்டில் எந்த ஒரு நாட்டவருக்கும் 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பால், பட்ட மேற்படிப்புத் தகுதிப் பிரிவில் காத்திருக்கும் இந்தியர்களில் 2013-ஐ ஒட்டி வரிசையில் நின்றவர்களுக்குத்தான் 2025-இல் முறை வந்தது. அதன்பின் குடியுரிமைக்கு ஐந்து ஆண்டு. நாற்பது வயதில் வரிசையில் நிற்பவர் தன் பெற்றோருக்கு மனுப் போடும் தகுதி பெறுவதற்குள் அவர்கள் எண்பதைத் தாண்டியிருப்பார்கள், இருந்தால். விசா முத்திரையைப் புதுப்பிக்க முடியுமா, திரும்பி வர விடுவார்களா என்ற அச்சத்தால் பிள்ளைகளும் ஊருக்கு வரத் தயங்கும் காலம் இது. இத்தகைய குடும்பங்களில் பெற்றவர்களும் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் இருக்கச் சட்டம் விட்டுவைத்திருக்கும் ஒரே வழி இந்தச் சுற்றுலா விசாதான். மறுபக்கம், பிள்ளை ஏற்கெனவே குடிமகனாகியிருந்தால் அவருடைய பெற்றோருக்கு எண்ணிக்கை வரம்பே இல்லாமல் க்ரீன் கார்டு கிடைக்கும். சட்டப்படியான நேர்வழி கையில் இருக்கும்போது அவர்கள் ஏன் ஒளிந்து தங்கப் போகிறார்கள்?

சிலர் சுற்றுலா விசாவில் போய் அங்கிருந்தபடியே க்ரீன் கார்டுக்கு மாறிவிடுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் குடிமக்களின் பெற்றோருக்கு அந்த மாற்றத்தை அனுமதிப்பது அமெரிக்கச் சட்டம்தான். அது வேண்டாம் என்றால் அந்த விதியைத் திருத்தலாம். தங்கள் காலவரம்பை மீறுவோருக்கும் தண்டனை சிறிதல்ல. 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 180 நாளுக்கு மேல் மீறித் தங்கியவர் மூன்று ஆண்டும், ஓராண்டுக்கு மேல் தங்கியவர் பத்து ஆண்டும் மீண்டும் நுழைய முடியாது. ஒரு பேரனைப் பார்த்துவிட்டு அடுத்த பேரன் பிறக்கும்போது மறுபடி போக நினைக்கும் பாட்டிக்கு இதைவிடப் பெரிய தடுப்பு வேண்டியதில்லை. இதற்கு மேலும் உறுதி வேண்டுமென்றால் அழைக்கும் பிள்ளையிடம் கேட்கலாம். அவர் அங்கே வரி கட்டுகிறார். வேலையும் வீடும் அங்கே இருக்கின்றன. விதி மீறினால் இழப்பதற்கு அவரிடம்தான் எல்லாம் இருக்கிறது.

மற்ற நாடுகள் சில இப்படித்தான் செய்கின்றன. கனடா 2011 டிசம்பரில் பெற்றோருக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் ‘சூப்பர் விசா’ என்ற தனி வகையைத் தொடங்கியது. அழைக்கும் பிள்ளையின் வருமானத்தைக் காட்ட வேண்டும். ஒரு லட்சம் டாலருக்கு மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். பதிலுக்குப் பத்து ஆண்டு வரை பலமுறை போய்வரலாம். 2022 ஜூலையிலிருந்து ஒரே வருகையில் ஐந்து ஆண்டுவரை தங்கலாம். நிரந்தரமாகக் குடியேறும் விருப்பம் இருப்பதால் மட்டுமே தற்காலிக வருகையை மறுத்துவிடக் கூடாது என்றும் அந்நாட்டுச் சட்டம் சொல்கிறது. தவணை முடிந்ததும் புறப்படுவார் என்று அதிகாரி நம்பினால் போதும். ஆஸ்திரேலியாவில் உறவினர் பொறுப்பேற்கும் வருகை விசாவுக்கு 5,000 முதல் 15,000 ஆஸ்திரேலிய டாலர் வரை பிணைத்தொகை கேட்கலாம். குடிமகனையோ நிரந்தரவாசியையோ பார்க்கப் போகும் நெருங்கிய உறவினருக்கு மறுக்கப்பட்டால் அங்கே இருப்பவர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஷெங்கன் நாடுகளில் மறுப்புக்கான காரணத்தைக் குறித்த படிவம் தந்தாக வேண்டும், மேல்முறையீட்டு உரிமையும் உண்டு. அந்த மேல்முறையீடு ஏதோ ஒரு கட்டத்தில் நீதிமன்றத்தை எட்ட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது.

இந்த நாடுகளில் எல்லாம் நன்றாக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் கனடாவின் ஸ்காபரோவில் இருக்கும் அக்கா மகளின் கலியாணத்துக்குப் போக விண்ணப்பிப்பவர்களுக்குச் சூப்பர் விசாவால் பயனில்லை. சகோதரர்கள் அதில் அடங்க மாட்டார்கள். சாதாரண வருகை விசாவை மறுக்கும் கடிதங்களில் ‘கனடாவில் இருக்கும் குடும்ப உறவுகள்’ என்பதே ஒரு காரணமாக வருகிறது. போரால் சிதறிய சமூகத்தில் உறவு இல்லாத நாடு ஒன்று இருந்தால்தானே! ஆனாலும் அங்கே கூட்டாட்சி நீதிமன்றத்தில் மறு ஆய்வு கேட்கலாம். விளக்கமில்லாமல் மறுத்த முடிவுகளை அது பலமுறை திருப்பி அனுப்பியிருக்கிறது. பிரிட்டன் எதிர்த்திசையில் நடந்தது. குடும்பத்தைப் பார்க்க வருவோருக்கு 2000-இல் திரும்பக் கொடுத்த மேல்முறையீட்டு உரிமையை 2013 ஜூனில் எடுத்துவிட்டது. முறையீட்டில் புதிய ஆவணங்களைக் கொண்டுவருகிறார்கள், புதிதாக விண்ணப்பித்தாலே விரைவில் முடிவு கிடைக்கும் என்பது அரசு சொன்ன காரணம். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் புதிய விண்ணப்பம் பழைய தவற்றைத் திருத்துவதில்லை. மறுக்கப்பட்டவர் என்ற குறிப்பு அவருடைய பெயரோடு தொடர்கிறது.

அமெரிக்காவில் அந்தக் கதவும் இல்லை. தூதரக அதிகாரியின் விசா முடிவில் நீதிமன்றம் பொதுவாகத் தலையிடாது என்ற கோட்பாட்டை 2024 ஜூனில் முன்யோஸ் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மறுபடி உறுதி செய்தது. கணவருக்குக் குடியேற்ற விசா மறுக்கப்பட்ட ஓர் அமெரிக்கக் குடிமகளின் வழக்கு அது. கணவரைத் தன் நாட்டுக்கு வரவழைக்கும் அடிப்படை உரிமை குடிமக்களுக்கு இல்லை என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. மனைவிக்கே அந்த உரிமை இல்லை என்றால் எச்-1பி மகனின் தாய் எந்த நீதிமன்றத்தில் நிற்பார்? அயல்நாட்டவருக்கு விசா உரிமையல்ல, சலுகை என்பார்கள். இருக்கட்டும். சலுகையைக் கட்டணம் வாங்கிக்கொண்டு பரிசீலிக்கும் அரசு, பரிசீலனையை ஒழுங்காகச் செய்யக் கடமைப்பட்டது. 2023 ஜூனிலிருந்து அந்தக் கட்டணம் 185 டாலர், நம் பணத்தில் ஏறக்குறைய 16,000 ரூபாய். மறுத்தால் திரும்பக் கிடைக்காது. ஓய்வூதியத்தில் வாழும் ஒரு தம்பதிக்கு இரண்டு பேருக்கான கட்டணம், திருநெல்வேலியிலிருந்தோ கோவையிலிருந்தோ வந்துபோகும் செலவு, கைரேகைக்கு ஒரு நாள், நேர்காணலுக்கு ஒரு நாள் தங்கும் செலவு எல்லாம் சேர்ந்தால் அது அவர்களுடைய ஒரு மாத வருமானம்.

அதிகாரிகளுக்கு வேலைப்பளு அதிகம், ஒவ்வொருவருக்கும் காரணம் எழுதிக்கொண்டிருக்க முடியாது என்பது கடைசி வாதம். பளு உண்மைதான். 2022 இறுதியில் இந்திய நகரங்கள் சிலவற்றில் முதல்முறை விண்ணப்பிப்பவர் நேர்காணல் தேதிக்கு ஏறக்குறைய ஆயிரம் நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் காரணம் தெரியாமல் திரும்பியவர் அதே ஆவணங்களோடு இரண்டாம் முறை, மூன்றாம் முறை விண்ணப்பிக்கிறார். வரிசை அதனாலும் நீள்கிறது. 79 வயதைத் தாண்டியவர்களுக்கு இருந்த நேர்காணல் விலக்கை 2025 செப்டம்பரில் நீக்கியதும் பளுவைக் குறைக்கும் செயலல்ல. எண்பத்திரண்டு வயது மனிதரை நேரில் வரவழைத்து, நின்றபடி பதில் சொல்ல வைத்து, அமெரிக்காவில் வேலை தேடப் போகிறாரா என்று எடைபோட எடுக்கும் நேரத்தை வேறு எதற்கேனும் செலவிடலாம். முதியவர்களை நம்ப முடியும் என்று சிக்கலான உறவுள்ள அண்டை நாடுகளே ஒரு காலத்தில் ஒப்புக்கொண்டிருக்கின்றன. இந்தியாவும் பாகிஸ்தானும் 2012-இல் செய்துகொண்ட உடன்பாடு, 65 வயது கடந்தவர்களுக்கு அட்டாரி - வாகா எல்லையிலேயே விசா கொடுக்க இடமளித்தது. அது நிலைக்காமல் போனது அரசியலால். அந்த முதியவர்கள் எவரும் ஆபத்தானவர்கள் என்பதால் அல்ல. நான் அமெரிக்காவிடம் கேட்பதை டெல்லியிடமும் கேட்க வேண்டும், கேட்கிறேன்.

214(பி)-யைத் திருத்த அமெரிக்க நாடாளுமன்றம் வேண்டும். அது விரைவில் நடக்காது. ஆனால் அந்தப் பிரிவு, உறவினர் இருப்பதைப் பாதகமாக எடைபோடச் சொல்லவில்லை. எதை எப்படி எடைபோடுவது என்பது வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்குத் தரும் கையேட்டில் இருக்கிறது. அழைப்பவரின் வேலை, வரி, விசா நிலை ஆகியவற்றை விண்ணப்பதாரருக்குச் சாதகமான சான்றாக எடுத்துக்கொள்ளலாம் என்று அந்தக் கையேட்டிலேயே எழுதலாம். குடும்பத்தைப் பார்க்கப் போவதாக உண்மையைச் சொன்னவரை அந்தக் காரணத்துக்காக மட்டும் மறுக்கக் கூடாது என்றும் எழுதலாம். மறுப்புத் தாளில் வேலையா, சொத்தா, பயண வரலாறா, பதிலில் முரணா, எது குறை என்று ஒரு கட்டத்தில் குறியிட்டுத் தர அரை நிமிடம் போதும். மறுப்புகளில் ஒரு பங்கை மேலதிகாரி பரிசீலிக்கும் நடைமுறை இப்போதே இருக்கிறது. விண்ணப்பித்தவர் கேட்டு நடப்பதல்ல அது, நடந்தது அவருக்குத் தெரியவும் தெரியாது. பிள்ளையைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லி மறுக்கப்பட்ட அறுபது வயது கடந்தவர், மறு கட்டணமின்றி அந்தப் பரிசீலனையைக் கேட்டுப் பெறலாம் என்று மாற்றுவதற்கு எந்தச் சட்டமும் தடையாக இல்லை. வர்த்தகம் பேசும்போதெல்லாம் எச்-1பி ஒதுக்கீட்டைப் பற்றிப் பேசும் இந்திய வெளியுறவு அமைச்சகம், அந்த விசாவில் போனவர்களைப் பெற்றவர்களுக்காக இந்த ஒன்றையும் பேச்சுவார்த்தை மேசையில் வைக்க வேண்டும்.